குருவிகள் குடியேறிய கடைவீடுகள்

அன்புள்ள ஐயா,

பினாங்கு ஜார்ஜ்டவுனில் தாத்தா காலத்திலிருந்து வாடகைக்கு இருந்த கடைவீட்டை 2000-இல் காலி செய்தோம். இன்று அது தங்கும் விடுதி. வாடகைக் கட்டுப்பாட்டை நீக்காதிருந்தால் லெபோ பாசார் தெருப் பக்கம் நம்மவர்கள் இன்னும் நிறையப் பேர் குடியிருப்பார்கள். அரசுக்கு மனமில்லை என்பதைத் தவிர வேறென்ன காரணம்?

எஸ்.எம்., பட்டர்வொர்த்

அன்புள்ள எஸ்.எம்.,

மனம் இல்லாமலா 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது? 1948-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை அது ஏறவிடவில்லை. ஓட்டின் விலையும் தச்சர் கூலியும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. வாங்கும் வாடகை கூரைச் செலவுக்கே காணாதபோது எந்த உரிமையாளர் கூரையை மாற்றுவார்? வீடுகள் ஒழுகின. முதல் வாடகைக்காரர்கள் சிலர், மலிவாகக் கிடைத்த வீட்டை அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டார்கள். உரிமையாளருக்குப் போகாத பணம் அவர்கள் பைக்குப் போனது. (இதைச் சொன்னால் என் உறவினர்களிலேயே சிலர் முகம் சுளிப்பார்கள்.)

1997-இல் நீக்கச் சட்டம் வந்தது. 1999 இறுதிவரை அவகாசம். நடுவில் ஆசிய நிதி நெருக்கடி. பழைய வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழுப்புவார்கள் என்ற அச்சம் இருந்தது. கட்டுவதற்குப் பணம் இல்லாததால்தான் பல வீடுகள் தப்பின என்று நினைக்கிறேன். வாடகை மட்டும் தப்பவில்லை, ஏறியது.

காலியான மாடிகள் சிலவற்றுக்கு அடுத்து வந்தவை உழவாரக் குருவிகள். சமைத்து உண்ணும் அவற்றின் கூட்டுக்குச் சீனாவில் நல்ல விலை. ஜன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை ஓடவிட்டுக் காத்திருந்தால் போதும். பழுதுபார்க்க வேண்டாம், வாடகைக்காரரோடு மல்லுக்கு நிற்கவும் வேண்டாம். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் நகரம் சேர்ந்த பிறகும் அவை கூடு கட்டிக்கொண்டுதான் இருந்தன. அகற்றச் சொன்னால் குருவி வளர்த்தவர்கள் அவகாசம் கேட்டார்கள். 2011-இல் மலேசியக் கூடுகளில் நைட்ரைட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது என்று சீனா இறக்குமதியை நிறுத்தியது. விலை சரிந்தது. அதே மாடிக்குச் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுக்கவும் தொடங்கியிருந்தார்கள். குருவிகள் போனதில் அதிகாரிகளைவிட விடுதிக்காரர்களுக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

ஆகவே சட்டத்தை வைத்திருந்தாலும் உங்கள் குடும்பம் இடிபாட்டுக்குள்தான் இருந்திருக்கும். வாடகையைப் படிப்படியாக உயர்த்தி, பழுதுபார்க்கும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்று, அதற்கு ஈடாக வாடகைக்காரரை நீண்ட காலம் வெளியேற்றக் கூடாது என்று உரிமையாளரிடம் எழுதி வாங்கியிருக்கலாம். அதற்குப் பணம் வேண்டும். கட்டடங்களைப் பழுதுபார்க்க மானியம் தரும் திங்க் சிட்டி என்ற அமைப்பு உருவானது 2009-இல். அதற்குள் நீங்கள் காலி செய்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.