இறையாண்மை என்ற சொல்லில் உள்ள 'இறை' கடவுளா? 'ஆண்மை' என்றால் ஆணின் தன்மையா?

இரண்டும் இல்லை. பள்ளியில் குடிமையியல் பாடம் படித்தபோது எனக்கும் இதே குழப்பம் இருந்தது. நாட்டின் உச்ச அதிகாரத்தைச் சொல்ல, கடவுளையும் ஆணையும் எதற்கு அழைக்க வேண்டும் என்று தோன்றும்.

'ஆண்மை' எளிது. கேள் + மை கேண்மை ஆவது போல, ஆள் + மை ஆண்மை ஆகிறது. ஆளும் தன்மை. குறள் 1026 'இல்லாண்மை' என்கிறது. தான் பிறந்த குடியை ஆளும் பொறுப்பு என்று பொருள்.

'இறை'தான் ஆழமான சொல். திருக்குறளில் கடவுள் வாழ்த்திலும் இறைவன் வருகிறான். ஆனால் 39ஆம் அதிகாரம் 'இறைமாட்சி' முழுக்க அரசனைப் பற்றியது. எனக்கு மிகவும் பிடித்த சான்று குறள் 733:

பொறையொருங்கு மேல்வருங்கால் தாங்கி இறைவற்கு
இறையொருங்கு நேர்வது நாடு

எத்தனை சுமை வந்தாலும் தாங்கி, அரசனுக்கு வரியை முழுதாகக் கொடுப்பது நாடு. இங்கே இறைவன் அரசன், இறை அவனுக்குச் செலுத்தும் வரி. இறுத்தல் என்றால் செலுத்துதல். ஆள்பவனுக்கும் வரிக்கும் ஒரே சொல், அதுவும் ஒரே குறளில்!

சோழர் கல்வெட்டுகளைப் பார்த்தால் சந்தேகமே தீர்ந்துவிடும். கோயிலுக்கு விட்ட நிலத்தை 'இறையிலி' என்று வெட்டியிருப்பார்கள். இறை என்றால் கடவுள் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டால், சாமிக்குக் கொடுத்த நிலமே கடவுள் இல்லாத நிலம் ஆகிவிடும். அது வரி நீக்கிய நிலம். இறையாண்மையில் உள்ள இறையோ ஆள்பவனைக் குறிப்பது.

அப்புறம் ஒன்று. நம் பக்கம் பாடநூலிலும் செய்தித்தாளிலும் இறையாண்மை என்கிறோம். இலங்கைத் தமிழர் 'இறைமை' என்றே எழுதுகிறார்கள். 1978ஆம் ஆண்டு இலங்கை அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரையும் இறைமை மக்களுக்கு உரியது என்கிறது. வள்ளுவர் காலத்தில் மக்கள் இறை கொடுத்தார்கள், இறைவன் அரசனாக இருந்தான். இந்த உறுப்புரையில் அரசனின் அந்த இடம் மக்களுக்கு வந்துவிடுகிறது. நடைமுறையில் அது எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு பேச்சு. சொல்லாகப் பார்த்தால் எனக்கு இறைமைதான் பிடிக்கிறது. சுருக்கமாக இருக்கிறது, 'ஆண்மை'யைப் பார்த்து யாரும் தடுமாறவும் மாட்டார்கள்.