மூன்று ஜிபிக்குள் அப்பா இல்லை

வணக்கம் ஐயா. பினாங்கு பட்டர்வொர்த் வீட்டில் ஒரு மினி பிசியில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினிக்குள் பல சர்வர்களைத் தனித்தனியாக ஓட்டும் மென்பொருள்) ஓட்டுகிறேன். 16 ஜிபி ராம், இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் மிரர் போட்ட (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்) இரண்டு டிஸ்க். படங்களைச் சேமித்துப் பார்க்கும் நெக்ஸ்ட்கிளவுட் ஒரு கண்டெய்னரில் (தனியாகப் பிரித்த சிறு சர்வர்). படங்கள் 400 ஜிபி, ஹோஸ்ட் (மினி பிசி) ஃபோல்டரிலிருந்து பைண்ட் மவுண்ட், அதாவது நகல் எடுக்காமல் அந்த ஃபோல்டரையே கண்டெய்னருக்குள் திறந்து காட்டும் இணைப்பு. தண்ணீர்மலையில் அப்பா கடைசியாகக் காவடி எடுத்த படங்களும் அதில்தான். தினமும் ராத்திரி பேக்கப் ஓடுகிறது, 3 ஜிபிதான். ரீஸ்டோரும் செய்து பார்த்தேன், படங்கள் எல்லாம் இருந்தன. இசட்எஃப்எஸ் ராமை விழுங்கும் என்கிறார்கள். எல்விஎம் என்ற வேறு டிஸ்க் முறைக்கு மாறலாமா?

அன்புள்ள தம்பி,

மாற வேண்டாம். இசட்எஃப்எஸ் ராமில் வைத்துக்கொள்ளும் ஏஆர்சி கேஷுக்கு 2 ஜிபி உச்சவரம்பு வையுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் இருக்கும் ரூட் டிஸ்க்கும் இசட்எஃப்எஸ் என்றால், பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பித்து ரீபூட் செய்யுங்கள். அவ்வளவுதான்.

400 ஜிபி படம் 3 ஜிபிக்குள் எப்படி அடங்கும்? ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பு, அதற்குமேல் பெரிதாகச் சுருங்காது. இந்தக் கணக்கைத் தினமும் பார்த்துவிட்டு எப்படித் தூங்கினீர்கள்? ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் கண்டெய்னரின் ரூட் டிஸ்க்கை மட்டும்தான் தானாக எடுக்கும். ப்ராக்ஸ்மாக்ஸிலேயே தனி டிஸ்க்காக (வால்யூம்) உருவாக்கிச் சேர்த்த மவுண்ட் பாயிண்ட்டுக்கு 'பேக்கப்' கட்டத்தில் டிக் வைக்க வேண்டும். பைண்ட் மவுண்ட்டையோ என்ன செய்தாலும் எடுக்காது.

ரீஸ்டோரில் படங்கள் தெரிந்ததுதான் இதில் பெரிய ஆபத்து. பேக்கப்பில் இருப்பது அந்த ஃபோல்டரின் பாதை மட்டும். அதே மெஷினில் ரீஸ்டோர் செய்ததால் புதுக் கண்டெய்னர் அதே பழைய ஃபோல்டரைத் திறந்து காட்டியது. அங்கே சோதனைக்காக ஒரு படத்தை அழித்திருந்தால் அசலே போயிருக்கும். வேறொரு மெஷினில் செய்து பாருங்கள்: ஃபோல்டர் இல்லாததால் கண்டெய்னர் ஸ்டார்ட்டே ஆகாது. சோதனை என்றால் அதுதான். அசல் டிஸ்க் கைக்கு எட்டும் இடத்தில் செய்தது சோதனையே இல்லை.

மிரரை நம்பாதீர்கள். தவறாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். இரண்டுக்கும் பவர் சப்ளையும் ஒன்றே. நம் ஊர்ச் சாயங்கால இடி ஒன்று போதும்.

1 டிபி யூஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். நெக்ஸ்ட்கிளவுட்டை மெயின்டெனன்ஸ் மோடில் போட்டு (யாரும் எதையும் மாற்றாதபடி நிறுத்தி), டேட்டாபேஸை டம்ப் (நகல் கோப்பு) எடுத்து, அதையும் படங்களின் ஃபோல்டரையும் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளில் ஏற்றிவிட்டு, மோடை விலக்குங்கள். வரிசை தப்பினால் டேட்டாபேஸ் ஒன்று சொல்லும், ஃபோல்டரில் வேறொன்று இருக்கும். ஃபோல்டரை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை டெலீட் ஆப்ஷனோடு வெறுமனே ஓட்ட வேண்டாம், அழிந்த படத்தை நகலிலும் அழித்துவிடும். ரெஸ்டிக் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வையுங்கள். அது தொலைந்தால் டிஸ்க் முழுசாக இருந்தும் பயனில்லை. முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். ஒன்று வீட்டில், மற்றது பினாங்குத் தீவிலோ வேறெங்கோ உறவினர் வீட்டில். மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.

டிஸ்க் வாங்கும்வரை காத்திருக்காதீர்கள். அப்பாவின் காவடிப் படங்களை மட்டும் இன்று ராத்திரியே ஒரு பென்டிரைவில் எடுத்து, வேறு கணினியில் செருகி ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.