ஸ்கேன் நார்மல், அப்புறம் எதற்குக் கொலோனோஸ்கோபி?

கேள்வி: எனக்கு 47 வயது. கோத்தகிரி பக்கத்துக் கிராமம். சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. இலை பறிப்பதும் வீட்டு வேலையும் நான்தான். இரண்டு வருடமாக நெஞ்செரிச்சல், ஏப்பம். சாப்பிட்டதும் வயிறு கல் மாதிரி உப்பிக்கொள்கிறது. மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டால் நிற்கும், விட்டால் திரும்ப வரும். போன மாதம் டாக்டரிடம் காட்டினேன். என் அப்பாவுக்கு 56 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது என்று சொன்னதும், எண்டோஸ்கோபியோடு கொலோனோஸ்கோபியும் பார்த்துவிடுங்கள் என்று கோவைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு ரத்தம் எதுவும் போகவில்லை, மலச்சிக்கலும் இல்லை. வயிற்று ஸ்கேன்கூட நார்மல். அப்புறம் எதற்கு இது? குன்னூரில் இருக்கும் அண்ணனிடம் சொன்னால் பெரிதாக்கிவிடுவார். யாருக்கும் சொல்லாமல் காலையில் பஸ் ஏறிப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிட முடியுமா?

பதில்: உங்கள் டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார் அம்மா. இரண்டு டெஸ்ட்டையும் ஒரே சீட்டில் எழுதியதால், இரண்டும் நெஞ்செரிச்சலுக்குத்தான் என்று நினைத்துவிட்டீர்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கிற எண்டோஸ்கோபி உங்கள் வயிற்றுக்காக. ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற கொலோனோஸ்கோபி உங்கள் அப்பாவுக்கு வந்த நோய்க்காக.

முதலில் அந்த ஸ்கேன். அது ஒலி அலையை அனுப்பிப் பார்க்கிற கருவி. கல்லீரல், சிறுநீரகம் மாதிரி கெட்டியான உறுப்புகளும், பித்தநீர் நிறைந்த பித்தப்பையும் அதில் நன்றாகத் தெரியும். இரைப்பையும் குடலும் காற்று நிறைந்தவை; காற்று குறுக்கே வந்தால் ஒலி அலை அதோடு நின்றுவிடும். உள்சுவரில் புண்ணோ சிறு கட்டியோ இருந்தால் ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. பித்தப்பையில் கல் இல்லை என்பது நல்ல செய்திதான், அதோடு சரி. ‘நார்மல்’ என்று எழுதிய தாளை பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் கழித்து ரத்தசோகையோடு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இனி அப்பா விஷயம். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் ஒரே நாளில் முளைப்பதில்லை. முதலில் உள்சுவரில் பாலிப் என்ற சிறு சதைத் துளிர் வரும். மழை விட்ட மறுநாள் புல்லுக்குள் முளைக்கிற காளான் போல, சிலது காம்பும் குடையுமாக இருக்கும், சிலது தரையோடு ஒட்டிக் கிடக்கும். எல்லாம் புற்றாக மாறாது. மாறுகிறவைக்கும் பொதுவாகப் பத்து வருடம்போல் ஆகும். அதுவரை வலிக்காது, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற ரத்தமும் வராது. உங்களுக்கு ஒன்றும் இல்லை என்பது ஆறுதல்தான், ஆனால் அதை வைத்து டெஸ்ட்டைத் தள்ள முடியாது. ஒன்றும் தெரியாத காலத்தில் பார்த்தால்தான் அந்தத் துளிரைச் சுருக்குக் கம்பியால் அறுத்து எடுத்துவிட முடியும். எடுப்பதும் வலிக்காது, குடலின் உள்தோலுக்கு வெட்டு உணரும் நரம்பு இல்லை.

பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு 60 வயதுக்கு முன்பே இந்தப் புற்று வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாகவோ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி பார்க்க வேண்டும் என்பது பொதுவான விதி. உங்கள் கணக்கில் 40, அல்லது 46. ஆக, ஏழு வருடம் தாமதம். பதற வேண்டாம். ஆனால் இனியும் தள்ள வேண்டாம். சுத்தமாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பது வழக்கம்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. 45, 50 வயதைத் தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்கிற ‘ஃபிட்’ பரிசோதனை செய்தால் போதும்; அதில் ரத்தம் தெரிந்தால் மட்டும் கொலோனோஸ்கோபி. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த வழி சரி, உங்களுக்குச் சரி இல்லை. நம் நாட்டில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கு அரசுத் திட்டத்தில் பரிசோதனை உண்டு. குடலுக்கு அப்படி யாரும் வீடு தேடி வந்து கூப்பிடப் போவதில்லை. நாமாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எண்டோஸ்கோபிக்கு வருவோம். உங்களைப் போல வருடக்கணக்கில் மாத்திரையால் ஓட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை. இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் மருத்துவ உலகம் வெகுகாலம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமி வளர்ந்த கரைசலைத் தானே குடித்து, சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் இந்தக் கிருமி வெகு சாதாரணம். பலருக்கு ஒரு தொந்தரவும் தராது. சிலருக்கு அல்சர், வெகு சிலருக்கு இரைப்பைப் புற்றுவரை கொண்டு போகும். இருந்தால் 14 நாள் கூட்டு மருந்து. முடித்து நான்கு வாரமாவது கழித்து, போய்விட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல். நீங்கள் போடும் கேஸ் மாத்திரை பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகையாக இருந்தால், அது கிருமியைக் கொல்லாமல் அமுக்கி மட்டும் வைக்கும். டெஸ்ட்டில் ‘இல்லை’ என்று பொய்யாக வரலாம். அதனால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள். ஆன்டிபயாட்டிக் என்றால் நான்கு வாரம். நிறுத்தியதும் முதல் சில நாட்கள் எரிச்சல் முன்னைவிடக் கூடும், அடங்கிக் கிடந்த அமிலம் துள்ளுவதால். நோய் முற்றிவிட்டது என்று பயந்து மறுபடி மாத்திரையைத் தொடாதீர்கள்; அந்த இரண்டு வாரத்துக்கு ஆன்டாசிட் சிரப் போதும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் கடுஞ்சாயா குடித்துவிட்டுத் தோட்டத்துக்கு இறங்குகிறவர் என்றால், கையோடு இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிடுங்கள்.

எண்டோஸ்கோபி என்னவோ ஐந்து பத்து நிமிடம்தான். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடிப்பார்கள், கசக்கும். சுண்டுவிரல் தடிமன் குழாய். கொலோனோஸ்கோபிக்கு அரைமணி நேரம்போல் ஆகும். இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடித்துக்கொள்ளலாம். குடலில் ஓட்டை விழுமாமே என்று கேட்பீர்கள். அந்த ஆபத்து உண்டு, ஆனால் வெறுமனே பார்த்துவிட்டு வரும்போது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

எங்கே பார்ப்பது? உதகையில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. குன்னூர், கோத்தகிரியிலும் தனியார் மருத்துவமனைகள் உண்டு. முதலில் மேலேயே விசாரியுங்கள். வெறும் எண்டோஸ்கோபி என்றால் மலையை விட்டு இறங்கவே தேவையிருக்காது. கொலோனோஸ்கோபிக்கு மட்டும் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: “பாலிப் இருந்தால் அப்போதே எடுத்துவிடுவீர்களா, கீழே அனுப்புவீர்களா?” அனுப்புவோம் என்றால் நேராகக் கோவைக்கே போய்விடுங்கள். குடல் சுத்தம் செய்யும் மருந்தை இரண்டு தடவை குடிக்கிற தண்டனை உங்களுக்கு எதற்கு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்தப் பரிசோதனைக்கு அங்கே செல்லுமா என்பதையும் காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

உண்மையில் இந்த டெஸ்ட்டில் கஷ்டம் குழாய் அல்ல, மருந்துதான். இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்த பொடி, உப்பு கலந்த எலுமிச்சை ருசி. பாதி முந்தின நாள் சாயங்காலம். மீதி டெஸ்ட்டுக்கு நான்கைந்து மணி நேரம் முன்னால் ஆரம்பித்து, இரண்டு மணி நேரம் முன்பே முடிக்க வேண்டும். குடித்த ஒரு மணி நேரத்தில் ஓட்டம் ஆரம்பித்தால், போவது தெளிந்த மஞ்சள் நீராக மாறும் வரை நிற்காது.

பல வருடம் முன்பு நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். கோத்தகிரியைத் தாண்டி ஒரு ஊரிலிருந்து வந்தவர் அவர். எந்த ஊர் என்று கேட்காமல், எல்லோருக்கும் கொடுக்கிற தாளையே அவருக்கும் கொடுத்துவிட்டேன். ‘விடியற்காலை நாலு மணிக்கு இரண்டாவது லிட்டர்’ என்று அதில் இருந்தது. தாளில் இருந்ததை ஒரு சொல் பிசகாமல் செய்துவிட்டு முதல் பஸ் ஏறினார். மேட்டுப்பாளையம் வருவதற்குள் மூன்று வளைவுகளில் டிரைவர் பஸ்ஸை நிறுத்த வேண்டியிருந்ததாம். மூன்றாவது தடவை இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. பனிக்குள் சாலையோரமாக நின்று, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கே போய்விட்டார். மறுபடி என்னிடம் வர அவருக்கு எட்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு மலையிலிருந்து வருகிறவர்களிடம் வியாதியைக் கேட்பதற்கு முன்னால் பஸ் நேரத்தைத்தான் கேட்கிறேன்.

ஆகவே ஒரே நாளில் போய்த் திரும்புவது வேண்டாம். கோத்தகிரியிலிருந்து கோவை ஏறக்குறைய 70 கிலோமீட்டர், உங்கள் கிராமத்திலிருந்து இன்னும் கொஞ்சம். முந்தின நாள் மத்தியானமே இறங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் நல்லது, இல்லையென்றால் மருத்துவமனை பக்கத்திலேயே அறை. கக்கூஸ் தனியாக, தண்ணீர் தாராளமாக இருக்கிற இடம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேதி வாங்காதீர்கள். மண் சரிந்து ரோடு அடைத்தால் எல்லாம் வீண்.

இரண்டு நாள் முன்பிருந்து சக்கை இல்லாத சாப்பாடு: வெள்ளைச் சோறு, இட்லி, மோர், தோல் சீவிய உருளைக்கிழங்கு. கீரை, அவரை, கோஸ், பட்டாணி, ராகிக் களி வேண்டாம். பழத்தில் கொய்யாவும் தாட்பூட் பழமும் கூடவே கூடாது. அந்த விதை குழாயின் உறிஞ்சும் துளையில் போய் உட்கார்ந்துகொண்டால் எங்கள் பாடு திண்டாட்டம். பீட்ரூட்டும் வேண்டாம், குடலில் சிவப்புச் சாயம் நின்றால் ரத்தம் போலத் தெரியும். (பீட்ரூட் பொரியல் சாப்பிட்ட மறுநாள் மலம் சிவந்து, புற்று வந்துவிட்டது என்று அழுதுகொண்டே வந்தவர்கள் உண்டு.) முந்தின நாள் முழுக்க நீராகாரம் மட்டும் என்று சொல்வார்கள். பால் விடாத டீ அதில் சேர்த்தி. உங்களுக்கு அது ஒன்றாவது ஆறுதலாக இருக்கட்டும்.

ரத்தம் ஏற இரும்புச் சத்து மாத்திரை போடுகிறவராக இருந்தால் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். குடல் சுவரில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை மாத்திரை, இருதயத்துக்கு ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள்.

டெஸ்ட் முடிந்த பிறகும் ஒரு விஷயம். குடலை விரித்துப் பார்க்க உள்ளே காற்று ஊதுவார்கள். கரியமில வாயு பயன்படுத்தும் இடங்களில் அது சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடும். சாதாரணக் காற்றென்றால் வெளியேற நேரமாகும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கோத்தகிரி போய்ச் சேரும்போது பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கிற காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விரியும். உங்கள் வயிற்றுக்குள்ளும் அதேதான். காற்று நன்றாகப் பிரிந்து, வயிறு லேசான பிறகு ஏறுங்கள். வெட்கப்பட்டு அடக்காதீர்கள்.

பாலிப் எடுத்திருந்தால் அன்றிரவும் கீழேயே தங்குவது உத்தமம். இரண்டு வாரம் வரைகூட அந்த இடத்தில் ரத்தம் கசியலாம். அந்த நாட்களில் தலைமேல் இலை மூட்டை வேண்டாம். ரத்தம் கட்டியாகப் போனாலோ, வயிறு இறுகி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ இரவென்று பார்க்காமல் பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

டெஸ்ட் தேதிக்கு முன்பே மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ (இரும்பு மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது), விழுங்கினது நெஞ்சில் நின்றாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

கடைசியாக, யாருக்கும் சொல்லாமல் போகலாமா என்று கேட்டீர்கள். முடியாது. மயக்க ஊசி போட்ட பிறகு டாக்டர் சொல்வதில் பாதி உங்களுக்கு நினைவிருக்காது. துணைக்கு ஆள் இல்லாமல் மயக்கம் கொடுக்கவும் மாட்டார்கள். குன்னூர் அண்ணனையே கூப்பிடுங்கள். பெரிதாக்கட்டும், பரவாயில்லை. அவருக்கும் அவர்தானே அப்பா? உங்களைவிடப் பெரியவர், அவருக்கு 40 தாண்டி இன்னும் அதிக வருடம் ஆகியிருக்கும். உங்கள் டெஸ்ட் முடிந்து வெளியே வந்ததும் அவருக்கும் அங்கேயே ஒரு தேதி வாங்கிவிடுங்கள். இருவருக்கும் ஒரே நாள் மட்டும் வேண்டாம். பஸ் ஏறும்போது ஒருவராவது தெளிவாக இருக்க வேண்டும்.