புகைபோக்கி வெப்பநிலை ஏறினால்: கரியா, உப்புப் படிவா?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் உள்ள ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் இயந்திரப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். மணிக்கு 3 டன் நீராவி தரும் புகைக்குழாய் பாய்லரை 10 கிலோ அழுத்தத்தில் இயக்குகிறோம். நான்கு மாதங்களுக்கு முன் சவுக்கு விறகை விட்டுப் பண்ருட்டி முந்திரி ஓட்டுக்கு மாறினோம். அப்போது 220 டிகிரியாக இருந்த புகைபோக்கி வெப்பநிலை இப்போது 285 டிகிரியைத் தொடுகிறது. ஓடுதான் காரணம் என்கிறார் மேலாளர். உடனே ஆசிட் விட்டுக் கழுவ வேண்டும் என்கிறார் ஒப்பந்ததாரர். நான் எதைச் செய்வது?

பதில்: ஆசிட் கழுவலுக்கு இப்போது ஒப்புக்கொள்ளாதீர்கள். குழாயின் உட்புறம் நெருப்புப் பக்கம், வெளிப்புறம் நீர்ப் பக்கம். நெருப்புப் பக்கம் கரியோ, நீர்ப் பக்கம் உப்புப் படிவோ, எது அடைத்திருந்தாலும் வெப்பம் நீருக்குள் இறங்காமல் புகையோடு போய்விடும். எனவே எந்தப் பக்கம் என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது.

10 கிலோ அழுத்தத்தில் நீராவியின் வெப்பநிலை சுமார் 184 டிகிரி. அதற்கு மேல் 40 டிகிரி அளவில் புகை வெளியேறியது நல்ல நிலைதான். புகையின் வெப்பம் ஏறத்தாழ 22 டிகிரி கூடினால் திறன் 1 விழுக்காடு குறையும் என்பது துறையில் கொள்ளும் கணக்கு; உங்கள் 65 டிகிரி ஏற்றத்துக்கு 3 விழுக்காடு வரும். எரிபொருள் செலவு அதற்கும் மேல் கூடியிருந்தால், மீதி இழப்பை ஸ்டீம் டிராப்புகளிலும் (நீராவியைத் தடுத்து, குளிர்ந்த நீரை மட்டும் வெளியேற்றும் வால்வுகள்) ப்ளோடவுனிலும் (உப்பு சேர்ந்த பாய்லர் நீரை வெளியேற்றுவது) ஓட்டின் ஈரத்திலும் தேடுங்கள்.

முதலில் பாய்லரை ஆறவிட்டு முன்கதவைத் திறந்து, எல்லாக் குழாய்களையும் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். சவுக்கு விறகின் கரி பொடியாக உதிரும். முந்திரி ஓட்டின் எண்ணெய் சரியாக எரியாவிட்டால் தார் போலப் பிசுபிசுத்துத் தூரிகையோடு ஒட்டிக்கொண்டு வரும். பிறகு அதே சுமையில், அதே அழுத்தத்தில் வெப்பநிலையைப் பாருங்கள். 220-ஐ ஒட்டி இறங்கினால் மேலாளர் சொன்னது சரி: தீக்கு மேற்புறம் கூடுதல் காற்று கொடுப்பதும், சுத்தம் செய்யும் இடைவெளியைக் குறைப்பதும் போதும். காற்றைத் தேவைக்கு மேல் கொடுத்தாலும் புகையோடு வெளியேறும் வெப்பம் கூடும் என்பதால், புகையின் ஆக்சிஜன் அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கவில்லை என்றால் சந்தேகம் தண்ணீரின் மேல்தான், கடற்கரை ஊரில் அது இயல்பானதும்கூட. சாப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறதே தவிர, நீரில் கரைந்துள்ள மொத்த உப்பைக் குறைப்பதில்லை. போர் தண்ணீரில் உப்பு கூடும்போது சாப்ட்னரைத் தாண்டிக் கடினத்தன்மை கசியவும் செய்யும். சாப்ட்னரைப் புதுப்பிக்கப் பழைய கணக்கின்படி நாளுக்கு ஒருமுறை உப்புக்கரைசல் விடும் ஆலைகளில், கோடையில் கடைசிச் சில மணி நேரம் கடின நீரே பாய்லருக்குள் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே அடுத்த உப்புக்கரைசல் விடுவதற்குச் சற்று முன் மாதிரி எடுத்துச் சோதியுங்கள். எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியைத் துளி விட்டால் நீர் நீலமாக நிற்க வேண்டும், ஒயின் சிவப்பு தெரிந்தால் கடினத்தன்மை கசிகிறது.

டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள மொத்த உப்பு) கணக்கும் முக்கியம். ஊட்டு நீரில் (பாய்லருக்குள் செலுத்தும் நீர்) 500 பிபிஎம் இருந்து, பாய்லருக்குள் 3500 வரை அனுமதித்தால், 500-ஐ 3000-ஆல் வகுக்க, ஆவியாகும் நீரில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை ப்ளோடவுனில் விட வேண்டும். அவ்வளவு சூடான நீரைச் சாக்கடையில் விடுவதைவிட, கண்டன்சேட்டை (நீராவி குளிர்ந்து மாறும் நீர்) முடிந்தவரை மீட்டு ஊட்டு நீரின் டிடிஎஸ்ஸைக் குறைப்பது மேல்.

அடுத்து மேன்ஹோலைத் திறந்து, டார்ச் அடித்து உலைக்குழாயின் (தீ எரியும் பெரிய குழாய்) மேற்பகுதியைப் பாருங்கள். வெப்பம் மிக அதிகமாகத் தாக்கும் இடம் அதுவே. முட்டையோடு கனத்துக்குப் படிவு இருந்தாலும் அலட்சியம் கூடாது, ஏனெனில் அதன் அடியில் உள்ள உருக்குத் தகடு நீரின் குளிர்ச்சி எட்டாமல் மிகையாகச் சூடேறி, நாளடைவில் புடைத்துக்கொள்ளும். புடைப்பு எங்காவது தென்பட்டால் பாய்லரை மீண்டும் ஏற்றாதீர்கள். நீங்களாக வெல்டிங்கும் வைக்காதீர்கள், அதற்குப் பாய்லர் ஆய்வாளரின் ஒப்புதல் கட்டாயம்.

படிவில் ஒரு சில்லைப் பெயர்த்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். நுரைத்துக் கரைந்தால் அது கார்பனேட். அரிப்புத் தடுப்பான் கலந்த அமிலக் கழுவல் பலன் தரும், ஒப்பந்ததாரரை அப்போது அழைக்கலாம். நுரைக்காமல் கல்லாகக் கிடந்தால் சல்பேட்டோ சிலிக்காவோ இருக்கும். வெறும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைவிட உங்கள் உருக்கைத்தான் அதிகம் தின்னும். அந்தச் சில்லை ஆய்வகத்தில் கொடுத்து, முடிவு வந்த பிறகே எந்தக் கழுவலையும் தொடங்குங்கள்.