கொற்கையில் கடல் எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

திருச்செந்தூர் போகிற வழியில் கொற்கைக்குப் போயிருந்தோம். ஒரு குளம், வாழைத்தோட்டம், பழைய வன்னிமரம், அவ்வளவுதான். கடலே கண்ணில் படவில்லை. இதுவா பாண்டியர்களின் முத்துத் துறைமுகம்? பூம்புகாரைப் போல இதையும் கடல் கொண்டுவிட்டதா, இல்லை நாம்தான் ஊதிப் பெரிதாக்கிவிட்டோமா? மகன் கேட்டான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரா.

அன்புள்ள ரா.,

கடல் கொள்ளவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் முகத்துவாரம் தூர்ந்து, கரை கிழக்கே தள்ளிக்கொண்டே போய், இன்றைக்குக் கடலுக்கும் கொற்கைக்கும் நடுவே ஆறேழு கிலோமீட்டர். நீங்கள் பார்த்த வாழை வளர்வதே அந்த வண்டலில்தான்.

ஊதிப் பெரிதாக்கவில்லை. 1968-69 அகழாய்வில் கிடைத்த கரிக்குக் கி.மு. 785ஐ ஒட்டிய காலக்கணிப்பு வந்தது, கீழடி பற்றி யாரும் பேசாத காலத்திலேயே. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ் இந்த ஊரைக் கொல்கி என்கிறது; இங்கே முத்துக்குளிக்க இறக்கப்படுகிறவர்கள் தண்டனைக் கைதிகள் என்றும் சேர்த்தே சொல்கிறது. முத்துப் பெருமை பேசும்போது அந்த வரியை மட்டும் நாம் நைசாகத் தாண்டிவிடுவோம். சிலப்பதிகாரத்தில், கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான். கொற்கையை ஒட்டிய சிற்றூரின் பெயர் அக்கசாலை, அதாவது பொன் வேலையும் நாணயம் அடிப்பதும் நடக்கிற இடம். கதை கதையாகவே இருக்கட்டும், ஆனால் அந்தப் பெயர் சும்மா வந்திருக்காது.

சரி, மகனிடம் என்ன சொல்வது? துறைமுகம் சாகவில்லை, கடலைத் துரத்திக்கொண்டு நடந்துபோனது என்று சொல்லுங்கள். கொற்கை தூர்ந்தபின் வணிகம் பழையகாயலுக்குப் போனது (காயல்பட்டினம் வேறு). 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சொல்கிற காயல் அதுதான் என்பது, 1870களில் கொற்கையையும் பழையகாயலையும் தோண்டிப் பார்த்த பிஷப் கால்டுவெல்லின் முடிவு. ஓர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகள் வந்து இறங்கிய துறை. அதையும் மண் மூடியது. அப்புறம் போர்த்துக்கீசியர் காலத்தில் தூத்துக்குடி எழுந்தது.

அடுத்தமுறை கொற்கை பார்த்துவிட்டுப் பழையகாயல் வழியாகத் தூத்துக்குடிக்குப் போங்கள், மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அந்த வன்னிமரத்துக்கு இரண்டாயிரம் வயது என்று ஊரில் சொல்வார்கள். அதை மட்டும் மகனிடம் அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.