தரத்தை 90லிருந்து 75க்குக் குறைத்தும் வெப்பி படங்கள் அதே அளவில் இருந்தால்

இணையதளப் படங்களை வெப்பியாக (WebP, இணையத்துக்கான பட வடிவம்) மாற்றும் செருகுநிரலில் தரத்தைக் குறைத்து, மூன்று முறை ஓட்டியும் கோப்பு அளவு குறையவில்லையா? ஏற்கெனவே உருவான வெப்பி கோப்புகளை அழித்துவிட்டு, எல்லாப் படங்களின் மாற்றத்தையும் மறுபடி ஓட்டுங்கள். தர எண்ணை 90லிருந்து 75க்கு மாற்றிச் சேமித்தது மட்டும் போதாது. அந்த எண் இனி மாற்றப்படும் படங்களுக்குத்தான்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: மாற்றும் நிரல், ஒரு படத்துக்கு வெப்பி கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் தாண்டிப் போய்விடும். எந்தத் தரத்தில் உருவானது என்று பார்க்காது. நீங்கள் மூன்று முறை ஓட்டியும் சில நொடிகளில் "முடிந்தது" என்று வருவது அதனால்தான். உங்கள் செருகுநிரலில் 'எல்லாவற்றையும் மீண்டும் மாற்று' என்பது போல ஒரு தேர்வு இருந்தால் அழிக்கவே வேண்டாம், அதை டிக் செய்தால் போதும்.

முதலில் ஒரே ஒரு படத்தில் சோதியுங்கள்:

1. சர்வரில் அதன் வெப்பி கோப்பின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. அதை மட்டும் அழித்து மீண்டும் மாற்றுங்கள். தேதியும் அளவும் மாறியிருக்க வேண்டும்.
3. சர்வரில் மாறியும் பிரவுசரில் பழைய அளவே தெரிந்தால் சிக்கல் கேஷில் (சேமித்து வைத்த பழைய நகலில்). சிடிஎன் (தளத்தின் கோப்பு நகல்களை வைத்து வழங்கும் இடைச் சர்வர்கள்) பயன்படுத்தினால் அதன் கேஷையும் காலி செய்யுங்கள், அதுதான் எளிதில் மறந்துபோகும்.

அழிக்கும் முன் மூல ஜேபெக், பிஎன்ஜி கோப்புகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். மூலம் இல்லாமல் வெப்பியிலிருந்தே மறுபடி வெப்பிக்கு மாற்றினால் தர இழப்பின் மேல் இழப்பு. போன விவரம், தரத்தை 100க்கு ஏற்றினாலும் திரும்பி வராது.

பிஎன்ஜி படங்கள் இழப்பில்லா முறையில் (lossless, பட விவரம் எதையும் விடாமல் சுருக்குவது) மாறியிருந்தால் அவற்றின் அளவு இந்தத் தர எண்ணுக்குப் பெரிதாக அசையாது.