திராட்சைக் கொடியில் இலையை எடுத்தால் பழம் இனிக்குமா?

மதுரையில் வீட்டுப் பந்தலில் பன்னீர் திராட்சை வளர்க்கிறீர்கள், பழம் இனிக்க இலைகளை உருவிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மொத்தமாக உருவிவிடாதீர்கள். பழத்துக்குச் சர்க்கரை தயாரித்துக் கொடுப்பதே இலைதான். ஒரு குலை நன்றாகப் பழுக்கத் தோராயமாக 10 முதல் 15 நல்ல இலைகள் வேண்டும். அதற்கும் குறைந்தால் பழம் சிறுத்துப் புளிப்பாகவே நிற்கும். தண்டிலும் வேரிலும் சேர வேண்டிய மாவுச்சத்தும் குறைவதால் அடுத்த போகமும் அடிவாங்கும்.

ஆனால் குலையை ஒட்டி நெருக்கமாக இருக்கும் சில முதிர்ந்த இலைகளை எடுப்பது நல்லதுதான். காற்று உள்ளே போகும், ஈரம் சீக்கிரம் காயும், வெண்பொடி படியும் சாம்பல் நோய் குறையும், தெளிக்கும் மருந்தும் குலைக்குள் படும். கிளையின் அடியில் உள்ள மொட்டுகளில் வெளிச்சம் பட்டால் அடுத்த முறை காய்ப்பும் கூடும்.

எப்போது எடுப்பது என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். பூக்கும் முன்பே எடுத்தால் காய்ப்பிடிப்பு குறையும். பழம் நிறம் மாறும்போது திடீரென்று திறந்துவிட்டால், நம்ம ஊர் சித்திரை வெயிலில் தோல் வெந்துவிடும். 35 டிகிரிக்கு மேல் கருப்பு நிறமும் சரியாக ஏறாது. காய் பிடித்து மிளகு அளவில் இருக்கும்போது எடுங்கள், தோல் வெயிலுக்குப் பழகிக்கொள்ளும். அப்புறம், காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்தில் மட்டும் எடுங்கள். மேற்கே உள்ள இலைகளையும் பந்தலின் மேல்கூரையையும் தொடவே வேண்டாம்.